ஞாயிற்றுக்கிழமைக் கடல்

கொம்புத்தீவில் கடல் தரையை விட்டு எழும்பிய அந்தப் புதன்கிழமை காலை, பிலோமி சேலத்துக்காரர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளி வந்து இறங்குவது, சனி முழுக்கப் படகு, ஞாயிறு ஓய்வு, திங்கள் கரைத்தூண்டில், செவ்வாய் புறப்படுவது என்று அவருக்கு நாள் பிரித்துச் சொல்லிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தவள், தண்ணீருக்கும் மணலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்திருப்பதையும், அந்த இடைவெளிக்குள் ஒரு நண்டு வெயில் படாமல் குறுக்கே ஓடுவதையும், அலைகள் வழக்கம்போல வந்து அந்தரத்திலேயே சுருண்டு அந்தரத்திலேயே பின்வாங்குவதையும் கண்டாள். "சார், இங்க கடல் இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு, படகுல ஏறையில பிடிச்சு ஏறணும், வழுக்காத செருப்பா போட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, தூண்டில்கோலுக்கு எத்தனை பவுண்டு தாங்கும் நரம்புக் கயிறு வேண்டும் என்ற அவருடைய அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அவள் வேலை அதுதான். தீவில் மொத்தம் அறுபது வீடு, ஒரு மாதா கோயில், விருந்தாளிகளுக்கு ஒன்பது குடில். அவள் புருஷன் கஸ்பார் படகோட்டுவான். மீன்பிடிக்கும் ஆசையில் வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்தப் படகை நாள் முழுக்கப் பேசி எடுத்துக்கொள்வார்கள். எந்த நீரோட்டத்துக்குப் பாரை மீன் கடிக்கும், எந்தக் காற்றுக்குக் கரையிலிருந்தே விளமீன் கிடைக்கும், வாந்திக்கு என்ன மாத்திரையை எப்போது போட வேண்டும் என்றெல்லாம் யோசித்துத் திட்டம் போட்டுக் கொடுப்பவள் பிலோமி. அவள் போட்ட திட்டம் ஒரு மணி நேரம்கூடப் பிசகினதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பின்னால் வந்த வினையெல்லாம் அந்தக் கர்வத்திலிருந்துதான் வந்தது என்று அவளே சொல்லுவாள்.

மறுநாள் கடல் முழங்கால் உயரத்துக்கு வந்தது, வாரக் கடைசியில் இடுப்புக்கு, அதற்கடுத்த வாரம் தலைக்கு மேலே. கஸ்பார் சவுக்குக் கம்புகளைக் கட்டி ஓர் ஏணி செய்து கரை சட்டென்று சரியும் இடத்தில் நட்டுவைத்தான். அந்த ஏணியின் பதினோராம் படிவரை எழும்பிய கடல் அதற்குமேல் போகாமல் அங்கேயே நின்றுகொண்டது. ஒருவரும் ஐயோ என்று கத்தவில்லை. ஆண்கள் ஏணியில் ஏறிப் படகுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். பெண்கள் கடலுக்கு அடியில் நடந்துபோய், தாத்தன் காலத்தில் அறுந்துபோன நங்கூரங்களையும், கழன்று விழுந்த மூக்குத்திகளையும், யாருடையது என்று தெரியாத ஒரு தையல் மிஷினையும் தூக்கி வந்தார்கள், மேலிருந்து ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்ததால் போகும்போது குடை எடுத்துக்கொண்டார்கள். அக்கரையிலிருந்து அளவெடுக்க வந்த அதிகாரி, தண்ணீருக்குமேலே எட்டிப் பார்த்து அது மட்டமாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு ஒரு கிலோ கருவாடு வாங்கிப் போனார். சாமியார் பூசையில் கடலுக்காக எப்போதும் சொல்லும் மன்றாட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

கரைத்தூண்டிலுக்கு வந்தவர்களுக்கோ கொண்டாட்டம். முன்பெல்லாம் மணலில் நின்று தூர வீசுவார்கள். இப்போது கடலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலே வீசினார்கள். ஈயக்குண்டுக்குப் பதில் நரம்பில் தக்கையைக் கட்டினால் போதும், இரை தலைக்கு மேலிருந்த தண்ணீரில் புகுந்து மெள்ள மெள்ள உயரப் போகும், கொஞ்ச நேரத்தில் மேலே பச்சை வெளிச்சத்தில் ஒரு நிழல் அசையும், நரம்பு விண்ணென்று இழுபடும், மீன் தலைகீழாக வந்து மடியில் விழும். தக்கை கட்டும் யோசனை பிலோமியுடையது. அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பத்துப் பேரிடம் சொல்ல, அந்தப் பத்துப் பேரும் அவளுக்குப் போன் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கலாயிற்று. கொம்புத்தீவில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. பசியில் கிடந்த காலத்திலும் போனதில்லை. கடலுக்கு அடியில் நடப்பது கடலுக்குப் போவதில் சேருமா சேராதா என்று ஊர்க்கூட்டம் கூடியது.

"கடலுக்குப் போறதுன்னா என்ன?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் ரெமிஜி. பெருத்த உடம்பு, மெல்லிய குரல், எதையும் கேள்வியாகவே கேட்டு முடித்துவிடுகிற ஆள். "கால் நனையணும். நனைஞ்சாத்தான் போனது. அடியில நடந்தா கால் நனையுதா?"

"தலைதான் நனையுது" என்றான் ஒருவன்.

"தலையைப் பத்தி நம்ம சட்டத்துல ஒண்ணும் கெடையாதுல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள், தீர்ப்பும் ஆயிற்று. ஞாயிறு படகு கூடாது, ஏணி கூடாது. கால் நனையாமல் அடியில் நடக்கலாம், உட்கார்ந்து தூண்டிலும் போடலாம். அன்று மாலையே பிலோமி தன் திட்டத்தில் 'ஞாயிறு ஓய்வு' என்பதை அடித்துவிட்டு, 'ஞாயிறு கடலடி நடை, பாறைத்திட்டில் மதியச் சாப்பாடு' என்று எழுதினாள். பூசை முடிந்ததும் ஊரே விருந்தாளிகளோடு குடைகளை விரித்துக்கொண்டு புறப்படும், அரை மைல் தள்ளியிருந்த பாறைத்திட்டுவரை போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பும். கஸ்பார் முன்னால் வழிகாட்டிப் போவான். எட்டாவது படிக்கும் அவர்கள் மகள் அமலி, சிப்பிகளின் பேர் சொல்லிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் போவாள்.

ஒரு திங்கள்கிழமை காலை படகுக்குச் சாப்பாடு கொடுத்துவிடப் போனபோதுதான் பிலோமி ஏணியைக் கவனித்தாள். பதினோராம் படி காய்ந்திருந்தது, தண்ணீர் பத்தில் நின்றது. செவ்வாய்க்கிழமை பார்த்தால் மறுபடி பதினொன்று. அடுத்த திங்கள் ஒன்பதில் நின்றது, அதற்கடுத்த திங்கள் எட்டில், ஒவ்வொரு முறையும் செவ்வாய்க்குள் எழும்பிவிட்டது.

"மணல் எறங்கியிருக்கும்டி" என்றான் கஸ்பார்.

"மணல் ஏணியைத்தான எறக்கும்? அப்ப தண்ணி ஏறுனாப்புல இல்ல தெரியணும்?"

அவன் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு பிலோமி தலைவலி என்று சொல்லி நடைக்குப் போகாமல் ஏணியருகில் நின்றுகொண்டாள். மதியம்வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு, சோறு தின்ற ஆள் திண்டில் சாய்வதைப் போல, சத்தமில்லாமல், அவசரமில்லாமல் கடல் இறங்க ஆரம்பித்தது. மூன்று மணிக்கு ஆறாம் படிக்கு வந்தது. நடையிலிருந்து திரும்பியவர்களில் உயரமானவர்கள் குனிந்து வந்தார்கள், ஒரு விருந்தாளியின் தொப்பி மேலே தண்ணீரில் உரசி அங்கேயே ஒட்டிக்கொண்டு போனதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமலியும் சிரித்தாள். ஆறு நாள் அந்தரத்தில் நிற்கும் கடல் ஏழாம் நாள் உட்காரப் பழகுகிறது, ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்காருகிறது, அது முழுக்க உட்காரும் நாளில் அதற்கு அடியில் தன் பிள்ளை இருப்பாள் என்பது பிலோமிக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு மாதா திருவிழா, எரநூறு பேர் வாராவ, திட்டம் போட்டது யாரு? நீதான?" என்றார் ரெமிஜி. "திருவிழா முடியட்டும், பேசுவோமா?"

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். சார், கடல் இறங்குது, வராதீங்க என்றாள். அவள் குரல் நடுங்க நடுங்க அவர்களுக்கு ஆசை கூடியது. ஆபத்தானதா, அப்படியென்றால் பிள்ளைகளையும் கூட்டி வருகிறோம், வீடியோ எடுக்கலாம்தானே என்று கேட்டார்கள். இருநூறு பேர் இருநூற்றைம்பதானார்கள். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் திட்டம் பிசக வேண்டும் என்று அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

அமலியையாவது நிறுத்தப் பார்த்தாள். அமலிக்கு அன்று கொடி பிடிக்கும் முறை. அழுது அரற்றி, சாப்பிடாமல் கிடந்து, அப்பாவைத் தூது விட்டுக் கடைசியில் பூசை முடிந்த கையோடு யாரிடமும் சொல்லாமல் கொடியோடு முன்வரிசையில் போய் நின்றுகொண்டாள். பிலோமி கோயிலுக்கு வெளியே வந்தபோது ஊர்வலம் கடலுக்கு அடியில் பாதித் தூரம் போயிருந்தது, பாட்டுச் சத்தம் மட்டும் தண்ணீரில் மோதி மந்தமாகக் கேட்டது. அவள் ஏணிக்கு ஓடினாள்.

மதியம் தாண்டியதும் கடல் இறங்கியது. எட்டு, ஏழு, ஆறு. இந்த முறை ஆறில் நிற்கவில்லை. ஐந்துக்கு வந்தபோது தூரத்தில் குடைகள் ஒவ்வொன்றாக மடங்குவதைக் கண்டாள். குனிய வேண்டியிருந்ததால் மடக்கினார்கள், அவ்வளவுதான், ஒருவரும் ஓடவில்லை, சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. பிலோமி கத்திப் பார்த்தாள், குரல் சொட்டும் தண்ணீரில் கரைந்துபோனது. ஓடிப்போய் இழுத்துவரலாமென்றால் அரை மைல். நான்காம் படிக்கு வந்தபோது அவள் ஏணியில் ஏறிப் படகுக்குள் குதித்தாள்.

ஏன் ஏறினோம் என்று அவளுக்கே தெரியாது. வாரத்தில் ஆறு நாளும் இருந்து ஞாயிறு மட்டும் இல்லாதது படகோட்டம் ஒன்றுதான் என்ற ஒரு நினைப்பு. என்ஜினைக் கிளப்பினாள், கடல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கயிற்றை அவிழ்த்து நடுவில் கொண்டுபோனாள், அப்போதும் நிற்கவில்லை. நேற்றைய இரையில் மிஞ்சிய கணவாய்த் துண்டைக் கொக்கியில் கோத்துக் கைத்தூண்டிலைப் போட்டாள். இறங்குவது மெதுவானது போலிருந்தது, ஆனால் நிற்கவில்லை. கீழே தண்ணீர் வழியாக, கும்பலாக மண்டியிட்டு ஊர்ந்து வருகிறவர்களின் முதுகுகள் தெரிந்தன. கொடி சாய்ந்து கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு ரெமிஜியின் தீர்ப்பு ஞாபகம் வந்தது. செருப்பை உதறிவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீரில் தொங்கவிட்டாள்.

கடல் நின்றது. கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றுவிட்டு, மேலே எழும்ப ஆரம்பித்தது. ஊர் போட்ட சட்டம் கடலுக்கும் தெரிந்திருந்தது. கால் நனையாமல் அடியில் உட்கார்ந்து நூறு பேர் தூண்டில் போட்டதை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மேலே ஓர் ஆள் காலை நனைத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது கீழே உட்காருவது மரியாதையில்லை என்று நினைத்தது போல, முனகிக்கொண்டு எழுந்து நின்றது. கடைசிக் குழந்தை கரைக்கு வந்து சேரும்வரை பிலோமி காலை எடுக்கவில்லை. ஒன்பது பாரை மாட்டியது, ஒன்றொன்றாகக் கழற்றிவிட்டாள்.

கரையில் அவளை யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. திருவிழா ஞாயிற்றில், சாமியாரின் கண்ணெதிரில், ஒரு பொம்பளை காலை நனைத்து மீன் பிடித்திருக்கிறாள்.

"நான் போவலன்னா நீங்க ஒருத்தரும் வந்திருக்க மாட்டீய" என்றாள் பிலோமி, அன்று மாலை கூடிய ஊர்க்கூட்டத்தில்.

"அதெப்படித் தெரியும்?" என்றார் ரெமிஜி. "கடல் எறங்குச்சு, ஏறுச்சு. எப்பவும் அப்படித்தான? நீ போவாம இருந்து பாத்தியா?"

"அப்ப ஒரு ஞாயிறு யாரும் அடியில போவாம நின்னு பாப்போம், மாமா. ஒரே ஒரு ஞாயிறு."

"வாரவங்களுக்கு யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா?"

ஞாயிறுகளில் கஸ்பாரின் படகுச் சாவி கோயிலில் இருக்க வேண்டும், ஏணியைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கஸ்பார் எழுந்துபோய்த் தானே சாவியைக் கொடுத்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அமலி புத்தகப்பையை மூலையில் எறிந்தாள். "ஞாயித்துக்கெழமைக்காரி மவள்னு கூப்பிடுதாவம்மா என்னைய. இனிமே அப்படிச் செய்யாத, ப்ளீஸ்ம்மா." பிலோமி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள், செய்ய மாட்டேன் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவளை வீட்டில் பூட்டி வைத்துவிடலாமா என்று யோசித்தாள். பூட்டினால் அமலி ஒருத்தி தப்புவாள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள், கஸ்பாரும் இருப்பான்.

அந்த ஞாயிறு ஊர் பூசையில் இருக்கும்போது, அவள் தெர்மாகோல் மிதவை ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொண்டு தீவின் பின்பக்கம் போனாள். அங்கே பாறை உயரமாக வந்து கடலின் மேல்விளிம்பைத் தொடும். மிதவையைத் தண்ணீரில் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்து, ஒரு பலகைத் துண்டால் துழாவிப் பாறைத்திட்டுக்கு நேர்மேலே வந்து சேர்ந்தாள். காலைத் தொங்கவிட்டாள், தூண்டிலைப் போட்டாள். மதியம் தாண்டியது. கடல் அவளுக்கு அடியில் ஒருமுறை அசைந்து, பெருமூச்சு விட்டு, அப்படியே நின்றது. கீழே நூற்றுக்கணக்கான குடைகள் மெதுவாக நகர்ந்தன. ஒருவரும் குனியவில்லை. பார்த்தாயா, கடல் இறங்கவே இல்லை, அந்தப் பொம்பளைக்குத்தான் கிறுக்கு என்று அவர்கள் பேசிக்கொள்வது அவளுக்குக் கேட்காவிட்டாலும் தெரிந்தது. பேசட்டும் என்று நினைத்தாள். வெயில் தலையைப் பிளந்தது, உதடு வெடித்தது, எத்தனை ஞாயிறு இப்படி வர முடியும், காய்ச்சல் வந்து ஒரு ஞாயிறு படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தாள்.

இரண்டு மணி வாக்கில் கீழே சில குடைகள் நின்றன. கைகள் மேலே காட்டின. பச்சை வெளிச்சத்தில் மிதவையின் நிழலும், அதிலிருந்து தொங்கிய இரண்டு கால்களின் அசைவும் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதை அவள் யோசித்து முடிப்பதற்குள், தக்கை கட்டிய முதல் தூண்டில் ஆடி ஆடி மேலே வந்து அவள் முழங்காலைத் தொட்டு விலகியது. பிறகு ஒன்று வந்தது. பிறகு ஏழெட்டு ஒன்றாக வந்தன. காலை எடுத்துக்கொண்டாள். எடுத்த மாத்திரத்தில் கடலோடு மிதவையும் ஒரு முழம் கீழே போனது, குடைகள் பதறிச் சரிந்தன, அவள் அலறிக்கொண்டு காலை மறுபடி தண்ணீரில் விட்டாள்.

அப்போது ஒரு கொக்கி அவள் இடது குதிகாலில் ஏறியது. முள் உள்ளே போய்த் திரும்பிய வலியில் கண் இருட்டியது. நரம்பு விண்ணென்று இழுபட, அதன் வழியே குனிந்து பார்த்தாள். ஒரு விருந்தாளியின் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மணலில் ஊன்றி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள் அமலி. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் வாய் திறந்து மூடியது. பெரிய மீன்ப்பா, பெரிய மீன் என்று கஸ்பாரைக் கூப்பிடுகிறாள் என்று பிலோமிக்குப் புரிந்தது. இவ்வளவு சந்தோஷமாக மகளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

இடுப்பில் கத்தி இருந்தது. நரம்பை அறுக்க வேண்டுமென்றால் காலை மேலே தூக்க வேண்டும், ஒற்றைக் கால் மட்டும் நனைந்தால் கடல் ஒப்புக்கொள்ளுமா என்று சோதிக்க அவள் துணியவில்லை. ரத்தம் தண்ணீரில் நூலாகப் பிரிந்தது, அதற்கு இன்னும் மீன்கள் கூடின, அதைப் பார்த்து இன்னும் தூண்டில்கள் எழும்பின. பிலோமி ஒரு கையால் மிதவையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

கீழே அமலி இழுத்தாள். மேலே பிலோமி, பல்லால் கணவாயைக் கிழித்து, அழுதுகொண்டே, தன் தூண்டிலுக்கு அடுத்த இரையைக் கோத்தாள்.